சோகைத் தீயும் சேரிக் கூரையும்

ஏப்ரல் 14 வந்தால் நம் தெருக்களில் நீலக்கொடி ஏறும், அண்ணல் அம்பேத்கர் சிலைக்கு மாலை விழும். 2022 முதல் தமிழ்நாடு அரசு அந்த நாளைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அதே தேதிக்கு இன்னொரு பெயரும் உண்டு: தீத்தொண்டு நாள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில், பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் நடக்கிறது.

அந்த வாரத்தில் தீயணைப்பு வண்டி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, மருத்துவமனைக்குப் போகிறது, பேருந்து நிலையத்துக்குப் போகிறது. வீரர்கள் தண்ணீர் பீய்ச்சிக் காட்டுகிறார்கள், துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நம் மாவட்டத்துச் சேரிகளில் எத்தனை பேர் அந்த வண்டியைத் தீப்பிடிக்காத நாளில் பார்த்திருக்கிறார்கள்? நாங்கள் போகிற குடியிருப்புகளில் எல்லாம் இதைக் கேட்கிறோம். சிவப்பு வண்டி என்றாலே அவர்களுக்கு நினைவுக்கு வருவது எரிந்து முடிந்த கூரைதான்.

மாசி தொடங்கிச் சித்திரை முடிய நம் கடலூர் மாவட்டத்தில் எரிக்கிற பருவம். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் சம்பா அறுத்த வயலில் இயந்திரம் விட்டுப் போன தாள் கிடக்கிறது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், விருத்தாசலம் பக்கம் கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் சோகை மெத்தையாகக் கிடக்கிறது. மறுதாம்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், ஆள் கூலி கட்டுப்படியாகாது, அதனால் ஒரு தீக்குச்சி. முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கத் தரையைச் சுத்தம் செய்து குவித்த சருகுக்கும் அதே தீக்குச்சி.

காய்ந்த சோகை எரியும்போது பறக்கும். நெருப்புப் பிடித்த சோகைத் துண்டு காற்றில் ஏறினால் எங்கே போய் இறங்கும் என்று வைத்தவருக்கும் தெரியாது. கடலோர மாவட்டம் இது, வெயில் ஏற ஏறக் கடல் காற்றும் ஏறும். பல ஊர்களில் கரும்புக் கொல்லை முடிகிற இடத்தில் சேரி தொடங்குகிறது. இடையில் ஒரு வாய்க்கால், சில இடத்தில் அதுவும் இல்லை, வெறும் வரப்பு.

அங்கே நிற்கிற குடிசையின் கூரை எதனால் வேய்ந்தது என்று பாருங்கள். பாதி வீடுகளில் தென்னங்கீற்று. மீதியில் அதே கரும்புச் சோகை. கரும்பு வெட்டப் போனவர்கள் கேட்டு வாங்கிக் கட்டிக் கொண்டு வந்தது. கொல்லையில் கழிவென்று எரிக்கப்படுகிற பொருள், வெட்டியவர் வீட்டில் கூரையாக இருக்கிறது. தீக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்பன் காலத்து நத்தம் மூன்று சென்ட். பிள்ளைகள் மூன்று பேருக்குக் கல்யாணம் ஆனால் அதே மூன்று சென்டில் மூன்று அடுப்பு. ஒரு வீட்டின் இறவாணம் அடுத்த வீட்டின் இறவாணத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். சுவரோரம் விறகு, எரு, மாட்டுக்கு வைக்கோல் போர். தலைக்கு மேல் தொய்ந்த மின்கம்பி. ஒரு கூரை பிடித்தால் ஒரு தெரு பிடிக்கும். ஊர்த்தெருவில் ஒரு கொட்டகை எரிந்தால் ஒரு கொட்டகையோடு முடிகிறது. சேரியில் வரிசையாகப் போகிறது. இதற்குக் காரணம் நம் மக்களின் கவனக்குறைவு என்று எழுதுகிறவர்கள், அந்த மூன்று சென்ட் ஏன் முப்பது சென்ட் ஆகவில்லை என்று எழுதுவதில்லை.

கும்பகோணத்தை நினைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடக் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். நாடே அழுதது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவு போட்டது, கூரைகள் பிரிக்கப்பட்டன. சரியான நடவடிக்கை. கீற்றுக் கூரையின் கீழ் ஒரு குழந்தை பகலில் ஆறு மணி நேரம் உட்காருவது ஆபத்து என்று அரசு அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தக் குழந்தை மாலையில் வீட்டுக்குப் போய், இரவு முழுக்க அதே கீற்றுக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறதே, அந்த ஆபத்துக்கு மட்டும் ஏன் இருபது ஆண்டுக்கு மேல் தவணை?

தீ வைப்பது மழை பெய்வதைப் போன்றதில்லை. அறுவடை எப்போது முடியும் என்று தெரியும், எந்தக் கொல்லை என்று தெரியும், யாருடைய கொல்லை என்றும் தெரியும். ஒருவர் முடிவெடுத்து, நேரம் குறித்து வைக்கிற தீ இது. முடிவெடுத்துச் செய்கிற எந்தக் காரியத்துக்கும் விதி போட முடியும். திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்கிறோம். அண்ணல் படத்தை ஊர்வலமாக எடுத்துப் போக எத்தனை முறை நடக்க வைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். குடிசைகளுக்கு ஐம்பதடி தள்ளி ஒரு ஏக்கர் சோகைக்குத் தீ வைக்க மட்டும் நம் ஊர்களில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

வடக்கே நிலைமை வேறு. பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கிற தாளின் புகை டெல்லிக்குப் போகிறது. அதனால் 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2021-இல் காற்றுத்தர மேலாண்மைக்கென்று தனிச் சட்டமே வந்தது. 2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள்: 2 ஏக்கருக்குக் குறைவென்றால் 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. தலைநகரத்துக்கு மூச்சு முட்டியதும் விதி பிறந்தது. சேரிக் கூரை எரிவதற்கு ஒரு விதி வேண்டாமா?

விவசாயிமேல் அபராதம் போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கரும்புக்குப் பணம் வராமல் காத்துக்கிடக்கிற சின்ன விவசாயியை நாங்கள் அறிவோம். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. தீக்குச்சியைக் கிழிக்கிற கை பெரும்பாலும் கூலிக்குப் போன நம்மவர் கைதான் என்பதும் உண்மை. ‘போய் வச்சிட்டு வாடா’ என்று சொன்னவர் வீட்டில் இருப்பார். பற்றிக்கொண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் பெண்கள்.

எரிப்பதில் விவசாயிக்கும் நட்டம்தான். ஒரு டன் தாளை எரித்தால் ஏறத்தாழ ஐந்தரை கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் போகிறது என்பது வேளாண் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிற கணக்கு. சோகையைத் தூளாக்கி மண்ணிலேயே விடும் இயந்திரம் இருக்கிறது, வைக்கோலைக் கட்டும் இயந்திரம் இருக்கிறது. சின்ன விவசாயிக்கு எட்டுகிற வாடகையில் அவை கிடைக்க வேண்டும். அதை நாம் விவசாயியோடு சேர்ந்து கேட்க வேண்டும். அது கிடைக்கிற வரை எரிக்கிறவர் எரிப்பார். ஆகவே எரிப்பதற்கு ஒரு முறை வேண்டும்.

அந்த முறையை ஊராட்சியே வகுக்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. தீத்தொண்டு வாரம் முடிந்ததும் வருவது மே 1 கிராமசபை. அதில் நாம் வைக்கச் சொல்கிற தீர்மானம் இதுதான்:

ஒன்று, வயலிலோ தோப்பிலோ தீ வைக்கிறவர் முந்தைய நாளே ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் புல எண், எத்தனை மணி என்று அதில் இருக்க வேண்டும். செயலர் அதைத் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், சேரியிலும் அறிவிக்க வேண்டும்.

இரண்டு, குடிசைகளிலிருந்து நூறு மீட்டருக்குள் தீ வைக்கவே கூடாது. அங்கே கிடக்கும் சோகையை வாரி எடுக்க வேண்டும்.

மூன்று, காற்று எழும்பும் முன் விடியற்காலையில் வைத்து, ஒன்பது மணிக்குள் அணைத்து முடிக்க வேண்டும். உச்சி வெயிலிலும் பொழுது சாய்ந்த பிறகும் கூடாது.

நான்கு, கொல்லையைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் சோகையை உள்ளே தள்ளித் தரையை வெறுமையாக்க வேண்டும். மோட்டார் ஓட வேண்டும், ஆள் நிற்க வேண்டும். புகை அடங்கும் வரை நிலத்துக்காரர் அல்லது அவர் வீட்டுப் பெரியவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கூலியாளை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ஐந்து, சேரிக்குள் தீயணைப்பு வண்டி நுழைந்து திரும்பப் பாதை வேண்டும்.

இந்த ஐந்தாவதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியின் அகலமே எட்டடிக்கு மேல். பல சேரிகளுக்கு இன்றும் மாட்டுவண்டிப் பாதைதான், அதிலும் இரு பக்கம் வேலி நெருக்கியிருக்கும். வண்டி தார்ச்சாலையில் நின்றுவிட, குழாயை இழுத்துக்கொண்டு வீரர்கள் ஓடுவார்கள். வண்டி கொண்டு வந்த தண்ணீர் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். மறுபடி நிரப்ப எங்கே போவது? சேரி மேல்நிலைத் தொட்டியின் அடியில், வண்டிக் குழாய் பொருந்துகிற ஒரு திறப்பு வைத்தால் பெரிய செலவில்லை. தொட்டி கட்டும்போது யாரும் அதை நினைப்பதில்லை.

‘கிராமசபைத் தீர்மானத்தை யார் மதிப்பார்கள்?’ என்று கேட்பீர்கள். அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி நெருப்பை அலட்சியமாகக் கையாண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 285. தீப்பற்றும் முன்பே தடுக்கவும் வழி உண்டு. தீப்பரவலுக்குக் காரணமாகக்கூடிய பொருளை அகற்றவோ தடுக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தைப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு கோட்டாட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. குடிசைகளை ஒட்டிச் சோகைக் குவியலோ வைக்கோல் போரோ கிடந்தால், ஒரு வெள்ளைத்தாளில் தெருப் பெயரும் புல எண்ணும் எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

எரிந்த பிறகு என்ன நடக்கிறது? வருவாய்த்துறை வரும். அரிசி, வேட்டி, சேலை கொடுக்கும். ஒரு காலத்தில் வீடு எரிந்தவருக்கு மண்ணெண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு குடியிருப்பில் நாங்கள் பார்த்த அம்மா ஒருவர், சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். நகை தேடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனோம். ‘பேத்தியோட பத்தாவது மார்க் சீட்டு இங்கதான் பெட்டியில இருந்துச்சு தம்பி, காலேஜ் சேக்கணும்’ என்றார். பெட்டி தகரம். உள்ளே இருந்த காகிதம் கறுப்பாகச் சுருண்டிருந்தது. நிவாரணத் தொகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தொகையின் கதை தனி. தீ விபத்தும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் வருகிற பேரிடர்தான். 2022-26 காலத்துக்கான ஒன்றிய அரசின் அளவுகோலில், முழுதாக அழிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். கூரையும் மண்சுவருமாக இருந்தால் அது வீடில்லை, குடிசை. 8,000 ரூபாயில் இன்று கீற்றும் மூங்கிலும் வாங்கி, வேய்கிற ஆளுக்குக் கூலி கொடுக்க முடியுமா? அதே குறிப்பில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: சேதமான வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். ஏரிக்கரையில், வாய்க்கால் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிறவர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

குடிசையை ஒழிக்க அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று சொல்லி, 2024-இல் கலைஞர் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் கீற்றுக் கூரைக்கே இடமில்லை. வரவேற்கிறோம். ஆனால் வாசலிலேயே பட்டா கேட்கிறார்கள். தீப்பிடிக்காத கூரை வேண்டுமானால் முதலில் மனை வேண்டும், மனை வேண்டுமானால் பட்டா வேண்டும். ஆகவே நம் ஊர்களில் தீத்தடுப்பு என்பது வீட்டுமனைப் பட்டா கோரிக்கையிலிருந்து தொடங்குகிறது.

எரிந்தவுடன் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பிள்ளைகளாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112. ஆட்கள் பத்திரமான பிறகு, சாம்பலை வாரும் முன், எரிந்த வீட்டைக் கைப்பேசியில் படம் எடுங்கள். தீயணைப்பு நிலையத்தின் விபத்து அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பட்டியலில் ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு குடும்பமும் தனித்தனியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்று, மதிப்பெண் சான்று, பட்டா எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வெளியூரில் இருக்கும் உறவினர் கைப்பேசிக்கு அனுப்பி வையுங்கள். அந்த அம்மாவின் பேத்திக்கு அது இருந்திருந்தால், நகல் மதிப்பெண் சான்றுக்கு விண்ணப்பிக்கத் தேவையான பதிவு எண்ணாவது உடனே கையில் இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது அலட்சியத் தீ. வேறொரு தீயும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்தபோது வைக்கப்பட்ட தீ அது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரிந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அங்கே எரிந்தவற்றில் காரை வீடுகளும் இருந்தன. கூரை மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கென்றே இரண்டு பிரிவுகள் உள்ளன. பட்டியல் சாதி, பழங்குடியினரின் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் எண்ணத்தோடோ, சேதம் விளையக்கூடும் என்று தெரிந்தோ, அந்தச் சாதிகளைச் சேராத ஒருவர் தீ வைத்துச் சேதம் விளைவித்தால் பிரிவு 3(2)(iii): ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. குடியிருக்கும் வீட்டையே அழித்தால் பிரிவு 3(2)(iv): ஆயுள் சிறை. சாதிப் பெயர் சொல்லித் திட்டினாரா என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள். இந்த இரண்டு பிரிவுக்கும் அது தேவையில்லை. எரிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாக அரசுச் செலவில் செங்கல் வீடு கட்டித் தர வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு விதிகளின் நிவாரணப் பட்டியல் சொல்கிறது. 8,000 ரூபாய்க்கும் செங்கல் வீட்டுக்கும் இடையில் இருப்பது முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படுகிற பிரிவு. ‘தீ விபத்து’ என்று எழுதிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. வழக்குப் பதிய மறுத்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

‘தெரிந்தோ’ என்ற அந்தச் சொல்லை இன்னொரு முறை படியுங்கள். பகையில் தீ வைப்பவர் எப்போதும் ‘சோகைக்கு வச்சேன், காத்துல பறந்துடுச்சு’ என்றுதான் சொல்வார். அலட்சியத்தில் வைத்தவரும் அதையேதான் சொல்வார். நூறு மீட்டருக்குள் தீ வைக்கக் கூடாது என்று கிராமசபை எழுதி வைத்திருந்தால், இங்கே ஆபத்து இருக்கிறது என்று கோட்டாட்சியருக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு நம் கையில் இருந்தால், ‘தெரியாது’ என்று சொல்வது அவ்வளவு எளிதாக இருக்காது. தீர்மானப் பதிவேட்டில் இருக்கிற நான்கு வரி, விபத்தைத் தடுக்கும். மீறி நடந்தால் நீதிமன்றத்தில் பேசும்.

மே 1 கிராமசபைக்கு நம் பெண்கள் முன்வரிசையில் போய் உட்கார வேண்டும். தலைவர் இருந்தால் தலைவரிடம், தனி அலுவலர் இருந்தால் அவரிடம், தீர்மானத்தை எழுத்தாகக் கொடுங்கள். ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்றால், அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 15, அதற்குள் இந்த வெயில் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.